புதுப் பூச்சில் பெயிண்ட் உரியாமல் இருக்க: முதலில் சுவர் காயட்டும்

உங்கள் கேள்வி இது. சென்னை மேடவாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டின் மேல் முதல் மாடி எழுப்பியிருக்கிறீர்கள். உள்பூச்சு நவம்பர் இரண்டாம் வாரத்தில் முடிந்தது, இப்போது மூன்று வாரம் ஆகிறது. தை கடைசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெயிண்டர் நாளைக்கே பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்க இழுக்கும் மெல்லிய வெள்ளைப் பூச்சு) ஆரம்பிக்கலாம் என்கிறார். எதிர் வீட்டில் போன வருஷம் அடித்த பெயிண்ட் இப்போதே பட்டியோடு சேர்ந்து உரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்கினால் உரியாது, எத்தனை கோட் அடிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இந்த வாரம் பட்டி வேண்டாம். அதுதான் என் முதல் பதில். கம்பெனி எது என்பது கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். புதுச் சுவரில் பெயிண்ட் உரிந்த வீடுகளில் பெரும்பாலும் பெயிண்டில் குறை இருக்காது. சுவருக்குள் தண்ணீர் இருந்திருக்கும், அல்லது உப்பு இருந்திருக்கும், அல்லது பூச்சின் மேல்தோலே மாவு மாவாக இருந்திருக்கும். நன்றாகக் காய்ந்த கெட்டியான சுவரில் சாதாரண எமல்ஷன், அதாவது தண்ணீர் சார்ந்த பெயிண்ட், பல வருஷம் நிற்கும். ஈரச் சுவரில் கடையிலேயே விலை உயர்ந்த எமல்ஷனை அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.

சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்று வையுங்கள். 12 மில்லிமீட்டர் கனத்தில் நான்கு சுவரையும் பூச, கலவையில் சேரும் தண்ணீர் மட்டுமே 100 லிட்டரைத் தாண்டும். பூசுவதற்கு முன் செங்கல்லை நனைத்தது, பூசிய பிறகு இறுகுவதற்காக ஏழு நாள் தண்ணீர் விட்டுக் கியூரிங் செய்தது எல்லாம் தனி. இதில் ஒரு பகுதியை சிமெண்ட் தனக்குள் பிடித்துக்கொள்ளும். மீதி முழுவதும் சுவரின் முகம் வழியாகக் காற்றுக்குப் போயாக வேண்டும். அந்த முகத்தைப் பட்டியாலும் பெயிண்டாலும் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரும் வழியில் குறுக்கே நிற்பதைத் தள்ளும். முதலில் கொப்புளம் வரும், அப்புறம் கொப்புளம் வெடிக்கும், அப்புறம் ஓரத்திலிருந்து தோல் தோலாக வரும்.

பெயிண்ட் கம்பெனிகள் பொதுவாகக் குறைந்தது 28 நாள் காத்திருக்கச் சொல்கின்றன. இந்த 28 சிமெண்ட் பலம் பெறுவதை அளக்கும் கணக்கிலிருந்து வந்தது. சுவர் காய்ந்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சென்னையில் மாசியில் பூசிய சுவர் ஐந்தாறு வாரத்தில் வேலைக்குத் தயாராகிவிடலாம். ஐப்பசியில் பூசிய சுவர் இரண்டு மாதம் கழித்தும் ஈரமாக இருக்கலாம். நம் ஊரில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில்தான் அதிகம். காற்றே ஈரத்தோடு இருக்கும்போது சுவர் தன் ஈரத்தை யாரிடம் கொடுக்கும்? உங்கள் பூச்சு முடிந்தது சரியாக அந்த மாதத்தில். அதனால் நாளை எண்ணுவதை விட்டுவிட்டுச் சுவரைச் சோதித்துப் பாருங்கள்.

சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கெட்டியான, நிறமில்லாத பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அகலமான டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்திருந்தாலோ, மூடியிருந்த இடம் சுற்றியுள்ள சுவரைவிடக் கருத்துத் தெரிந்தாலோ சுவர் இன்னும் தயாராகவில்லை. ஒரே இடத்தில் செய்து முடிவெடுக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஜன்னலுக்குக் கீழே, பாத்ரூமுக்கு முதுகு கொடுத்திருக்கும் சுவரில், வடக்குப் பக்க அறையில் என்று நாலைந்து இடம் பாருங்கள். ஈரம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் மேஸ்திரிகள் இப்போது உண்டு. அது உதவும். ஆனால் சுவரில் உப்பு இருந்தால் ஊசி குத்தி அளக்கும் மீட்டர் இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீருக்கு அடுத்தது காரம். புது சிமெண்ட் பூச்சு கடும் காரத்தன்மை உள்ளது. அதன் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு மேற்பரப்பில் அது மெதுவாகக் குறையும். காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது பள்ளியில் படித்ததுதான். அதேதான் இங்கேயும் நடக்கிறது. புதுப் பூச்சின் மேல் எண்ணெய் சார்ந்த பிரைமரோ (பெயிண்டுக்கு அடியில் பிடிமானத்துக்காக அடிக்கும் கோட்) எனாமலோ அடித்தால், உள்ளே இருக்கும் காரமும் ஈரமும் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பெயிண்ட் பிசுபிசுவென்று ஆகி, விரலால் தள்ளினாலே வரும். மாடிப்படிச் சுவரிலும் சமையலறையிலும் கீழே நாலடிக்கு ஆயில் பெயிண்ட் அடித்தால் துடைக்க வசதி என்று இன்னும் பலர் அடிக்கிறார்கள். முதல் வருஷம் அது வேண்டவே வேண்டாம். துடைக்கக்கூடிய எமல்ஷன்கள் வந்துவிட்டன, அதில் ஒன்றைப் போடுங்கள். "ஆயில் பிரைமர்தான் சார் ஸ்ட்ராங்" என்று பெயிண்டர் சொன்னால், பழைய காய்ந்த சுவருக்கு அது பொருந்தலாம், உங்கள் சுவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது விஷயம் உப்பு. சென்னைக்கு இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். புதுச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்வதை உப்பு பூத்திருக்கிறது என்கிறோம். செங்கல்லில், மணலில், சிமெண்டில், கலவைக்கும் கியூரிங்குக்கும் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த உப்புகள் கரைந்து, ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் ஆவியான பிறகு அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் திறந்திருக்கும்போது இது நடந்தால் நல்லதுதான். உப்பு வெளியே வந்துவிட்டது, துடைத்து எடுத்துவிடலாம். பட்டி போட்ட பிறகு நடந்தால் உப்பு பட்டிக்குப் பின்னால் படிகமாகும். படிகம் வளரும்போது இடம் கேட்கும், பட்டியை நெட்டித் தள்ளும். எதிர் வீட்டில் பெயிண்ட் மட்டும் வராமல் பட்டியோடு சேர்ந்து வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் உப்பு. சிமெண்ட் நிற மாவு ஒட்டியிருந்தால் பூச்சு பலவீனம். சுத்தமாக, வழுவழுவென்று இருந்தால் அடியில் தூசு துடைக்காமல் அடித்தது, அல்லது பிடிமானமே இல்லாத மழமழப்பான பரப்பு.

கடல் பக்கத்துப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. திருவான்மியூர், நீலாங்கரை, எண்ணூர் பக்கமெல்லாம் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே கியூரிங்குக்கும் விட்டால், சுவருக்குள் சாப்பாட்டு உப்பே நிறையச் சேர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும். சென்னையில் இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். பகலில் வெயில் ஏறினால் மறுபடி காய்ந்து படிகமாகும். மழையே இல்லாமல், ஒழுகலே இல்லாமல், கரைவதும் உறைவதுமாக அந்தச் சுவர் பெயிண்டைப் பொடியாக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் எந்தத் தண்ணீர் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. போர்வெல் என்றால், தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கிறதா என்று பாருங்கள். கரித்தால் உப்பு நின்று போகும் வரை காத்திருப்பது மற்றவர்களைவிட உங்களுக்கு இன்னும் முக்கியம். வெளிப்பூச்சு பாக்கி இருந்தால் அதற்காவது லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேதான் போகும். காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷோ கெட்டி நைலான் பிரஷ்ஷோ எடுத்துத் தேய்த்து, விழுந்த பொடியைப் பெருக்கி வெளியே கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மறுபடி பூத்தால் மறுபடி தேயுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து புதிதாக எதுவும் வராவிட்டால் பட்டிக்குப் போகலாம். படர்ந்திருப்பது உப்பா பூஞ்சையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உப்பு கரைந்து மறையும், பூஞ்சை அப்படியே இருக்கும்.

எவ்வளவு காத்திருந்தாலும் காயாத சுவர்களும் உண்டு. அவற்றுக்குப் புதிதாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். சென்னையில் இதற்கு நான் முதலில் பார்க்கும் இடம் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே அரை அடி, முக்கால் அடி சந்துதான் இருக்கும். சாரம் கட்ட இடமில்லை, கொத்தனார் உள்ளே நுழைய முடியாது, அதனால் வெளிப்பக்கம் பூசாமலே விட்டுவிடுவார்கள். மழைத் தண்ணீர் செங்கல் இணைப்புகள் வழியாக உள்ளே இறங்கி, உள்பக்கப் பெயிண்டை வருஷா வருஷம் உரிக்கும். உள்ளே எத்தனை வாட்டர்புரூஃப் கோட் அடித்தாலும் இது நிற்காது. உங்கள் மாடியில் அப்படி ஒரு சுவர் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, அவர்கள் மொட்டை மாடியிலிருந்து தொங்கு சாரம் போட்டாவது பூசிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால், இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தின் தலையை ஷீட்டாலோ ஸ்லாபாலோ மூடி, மழைத் தண்ணீர் இறங்காமல் செய்யுங்கள். இதற்கு ஆகும் செலவைப் பெயிண்ட் செலவோடு சேர்த்தே பாருங்கள்.

கைப்பிடிச் சுவரின் தலை, சன்ஷேடு சுவரோடு சேரும் மூலை, ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை, பாத்ரூம் டைல்ஸ் இணைப்பு ஆகியவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மழை பெய்து நின்ற மறுநாள் காலையில் பார்த்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரியும். அதற்கு இந்த டிசம்பரைவிட நல்ல சமயம் கிடைக்காது. தரைத்தளத்திலும் பெயிண்ட் வேலை வைத்திருக்கிறீர்களானால் அங்கே தரையிலிருந்து மூன்றடி வரை ஓதம் ஏறியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய சுவர்கள் எத்தனை மாதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மேல்மாடிக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, காத்திருக்கும் இந்த வாரங்களில் என்ன செய்யலாம்? மழை இல்லாத நேரமெல்லாம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், எதிரெதிர் ஜன்னல்களாக. மழை பெய்யும்போதும் இரவிலும் மூடுங்கள். இரண்டு டேபிள் ஃபேன் வாங்கிப் போட்டால் வேலை வேகமாக நடக்கும். ஹாலஜன் விளக்கைச் சுவரருகே வைத்துக் காய வைப்பது, நெருப்புச் சட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ்காரர் மூவரின் வேலையும் இப்போதே முடியட்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பெயிண்ட் முதலில் உரியும் இடம் ஸ்விட்ச் பாக்ஸைச் சுற்றித்தான். பூச்சு முடிந்து ஒன்றரை மாதம் கழித்துச் சுவரை வெட்டிக் குழாய் புதைத்து, ஒரு சட்டி கலவையை அப்பிவிட்டுப் போவார்கள். மற்ற சுவருக்கு வயது 50 நாள், அந்த ஒட்டுக்கு வயது 5 நாள். இரண்டின் மேலும் ஒரே நாளில் பட்டி ஏறும். அந்த ஒட்டுக்கு யாரும் தண்ணீரும் விட்டிருக்க மாட்டார்கள், அதனால் அது மணல் மணலாக உதிரும். ஸ்கர்ட்டிங் டைல்ஸும் அப்படித்தான். பெயிண்ட் முடிந்த பிறகு ஒட்டினால் கீழே அரை அடி சுவர் மறுபடி நனையும்.

இந்தச் சமயத்திலேயே பூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்திக் கீறுங்கள். லேசான கோடு விழுந்தால் பரவாயில்லை. மணல் கொட்டினால் சிமெண்ட் குறைவு, அல்லது கியூரிங் குறைவு, அல்லது மணலில் தூசு அதிகம். இப்போது எல்லா இடத்திலும் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான். பூச்சுக்கென்று சலித்துக் கழுவி வரும் பி-சாண்டுக்குப் பதில், கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டையே சல்லடையில் சலித்துப் பூசிவிடுகிறார்கள். அதில் கல்தூள் கூடுதலாக இருந்தால் மேற்பரப்பில் மயிரிழை விரிசல் வலை போல வரும், உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டும். கொஞ்சம் மாவு என்றால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, ஆழமாக ஊறிப் பிடிக்கும் வகைப் பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் கெட்டிப்படும், ஆனால் அதன் மேல் என்ன பட்டி போட வேண்டும் என்பது மாறும், கீழே சொல்கிறேன். கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அந்த இடத்தைச் செதுக்கி எடுத்து மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழி இல்லை. எதுவும் அதைக் காப்பாற்றாது.

மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. கான்கிரீட் தூண், பீம், சீலிங் இவற்றில்தான் இது அதிகம், ஏனென்றால் சென்ட்ரிங் பலகைக்கு எண்ணெய் தடவி வார்த்த வழவழப்பான பரப்பைக் கொத்திவிடாமல் பூசியிருப்பார்கள். உள்ளங்கை அளவு பொள்ளல் என்றால் விடலாம். இரண்டடி, மூன்றடி என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கொத்தனார் ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவிக் கரணையால் மழுக்கிப் பளபளவென்று கொடுத்திருந்தால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம். அந்தத் தோலில் எதுவும் ஒட்டாது, அதிலேயே விரிசலும் விழும். கெட்டி உப்புத்தாளாலோ கல்லாலோ அந்த மினுமினுப்பு போகும்வரை தேய்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பட்டிக்கு வருகிறேன். பட்டி முதலா பிரைமர் முதலா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பட்டியில் இரண்டு வகை இருப்பதால் வரும் குழப்பம் இது. ஒன்று வெள்ளை சிமெண்டில் செய்த பட்டி, மூட்டையில் பவுடராக வரும். இன்னொன்று அக்ரிலிக் பட்டி, வாளியில் களிம்பாக வரும். சிமெண்ட் பட்டி நேராகப் பூச்சின் மேல் போக வேண்டும், அடியில் பிரைமர் கூடாது. அது சிமெண்டோடு சிமெண்டாகப் பிடித்து இறுகுவது. நடுவில் பிரைமர் படலம் இருந்தால் பிடிப்பு குறையும். அக்ரிலிக் பட்டிக்கு இதற்கு நேர்மாறு. வெறும் பூச்சில் வைத்தால் அதிலுள்ள பசையைச் சுவர் உறிஞ்சிவிட்டு மாவை மட்டும் மேலே விட்டுவிடும். அதற்கு அடியில் ஒரு கோட் பிரைமர், மேலே ஒரு கோட் பிரைமர். மாவு கொட்டிய சுவருக்கு ஊறும் பிரைமர் கொடுத்தீர்களானால் அந்த இடங்களில் அக்ரிலிக் பட்டிதான் சரி.

உங்கள் வீட்டின் மற்ற சுவர்களுக்கு நான் சிமெண்ட் பட்டியைத்தான் சொல்வேன். புதுப் பூச்சின் காரம் அதை ஒன்றும் செய்யாது, லேசான ஈரத்துக்கும் தாங்கும். சாக்கட்டித் தூளில் பசை கலந்து சைட்டிலேயே செய்யும் மலிவுப் பட்டி வேண்டாம். கொஞ்சம் ஈரம் பட்டாலே ஊறி உப்பிவிடும்.

சிமெண்ட் பட்டி போடும் முன் சுவரில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். இவ்வளவு நாள் காய வைத்துவிட்டு மறுபடி நனைப்பதா என்று தோன்றும். தெளிப்பது மேற்பரப்பு நனைய மட்டும். அது ஓரிரு நாளில் போய்விடும். நாம் காத்திருந்தது பூச்சுக்கும் செங்கல்லுக்கும் உள்ளே ஆழத்தில் இருந்த ஈரத்துக்காக. தெளிக்காமல் போட்டால் பட்டியின் தண்ணீரைக் காய்ந்த சுவர் உடனே உறிஞ்சிவிடும், பட்டி இறுகாமல் பொடியாகும். தண்ணீர் வழியும் அளவுக்கும் நனைக்கக் கூடாது.

இரண்டு கோட் போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவர் கோணலாக இருந்தால் அதைக் கொத்தனார் சரிசெய்ய வேண்டும். பட்டியை அரை அங்குலம் அப்பி நேராக்கினால் அது தன் பாரத்திலேயே பிளந்து வரும். பெயிண்டர் வேலை செய்யும்போது இன்னொன்றைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். கலந்த சிமெண்ட் பட்டி சுமார் மூன்று மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு இறுகிய பட்டியில் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடி அடிப்பது எல்லா சைட்டிலும் நடக்கிறது. அந்தப் பட்டி ஒட்டுவது போல இருக்கும், பலம் இருக்காது. ஒரே சுவரில் நாலடி அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் உரிந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், அது மதியம் அடித்த பட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். மூட்டையின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், மழைக்காலத்தில் கட்டி தட்டிய மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு இரவு விடலாம். பிறகு 180 நம்பர் உப்புத்தாள், கடைசியாக 320. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தேய்த்த தூசு சுவர் முழுக்க மாவாகப் படிந்திருக்கும். காய்ந்த துணியால் ஒரு முறை, பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, அது காய்ந்த பிறகுதான் பிரைமர். இதை விட்டுவிட்டால் பிரைமர் தூசைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஒரு அறைக்கு ஒரு மணி நேர வேலை இது. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

பிரைமர் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் வகையாக, காரம் தாங்கக்கூடியது என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பதும் டப்பாவிலேயே இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவுக் குவளை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கண் மதிப்பில் கலந்தால் எப்போதும் தண்ணீர்தான் கூடும். தண்ணீர் கூடினால் பசை குறைந்து, காய்ந்த பிறகு கையில் வெள்ளையாக ஒட்டும். தண்ணீரே கலக்காமல் கெட்டியாக அடித்தாலும் தப்பு, அது பட்டிக்குள் ஊறாமல் மேலேயே நிற்கும். பிரைமர் காய்ந்து இரண்டு நாள் கழித்து, மூலையில் பிளேடால் சிறிய பெருக்கல் குறி கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் ஒன்றும் வராவிட்டால் மேலே போகலாம். பட்டியோடு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பெயிண்ட் வாங்கிய பிறகு தேடுவதைவிட அது செலவு குறைவு.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எமல்ஷன் இரண்டு கோட், நடுவே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம், மார்கழிப் பனியில் அதற்கும் மேல். காலை வெயில் வந்த பிறகு ஆரம்பித்து, இருட்டும் முன் நிறுத்துங்கள். விலை நடுத்தரமானதே போதும். முதல் வருஷம், சுவரில் மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற விடும் சாதாரண மேட் எமல்ஷன்தான் நல்லது. பளபளப்பு அதிகமாக, ரப்பர் போலப் படலம் பிடிக்கும் வகைகளை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

கிரகப்பிரவேசம்தான் உங்கள் உண்மையான நெருக்கடி என்பது புரிகிறது. என் யோசனை இது. டிசம்பர் முழுவதும் காயட்டும். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஷீட் சோதனை செய்யுங்கள். தேறிய அறைகளில் பொங்கல் முடிந்ததும் பட்டியும் ஒரு கோட் பிரைமரும் முடித்துவிடுங்கள். தேறாத சுவரை அப்படியே விடுங்கள். விசேஷம் பிரைமர் வெள்ளையிலேயே நடக்கட்டும். வெள்ளைச் சுவரில் மாவிலைத் தோரணமும் வாழை மரமும் நன்றாகவே இருக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹாலில் கணபதி ஹோமம் செய்தால் நெய்ப்புகையும் கரியும் சீலிங்கிலும் சுவரிலும் படியும், வாசல் சுவரில் மஞ்சள் குங்குமக் கை படும். புது எமல்ஷனில் அந்தக் கறை போகாது. பிரைமர் மேல் என்றால் துடைத்து, கறை பட்ட இடத்தில் இன்னொரு கோட் பிரைமர் அடித்து, மாசி பங்குனியில் நிதானமாகக் கடைசி இரண்டு கோட்டை முடிக்கலாம். அப்போது சுவர் இன்னும் நன்றாகக் காய்ந்திருக்கும், வானமும் ஒத்துழைக்கும்.

விசேஷத்துக்கு மட்டும் ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று யாராவது பெரியவர் சொல்வார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு தனியாக இருக்கும்வரை அருமையான பொருள், சுவரை மூச்சுவிட வைக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் தலைமுறைகளாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் மேல் பட்டியும் எமல்ஷனும் ஏறினால் சுண்ணாம்புப் பொடியோடு சேர்த்துக் கழன்று வரும். அப்படி அடித்த சுவரைப் பின்னால் முழுக்கச் சுரண்டித்தான் பட்டி போட வேண்டியிருக்கும். வெள்ளை சிமெண்ட் வாஷும் அடித்த பிறகு தண்ணீர் தெளித்து இறுக வைக்காவிட்டால் இதே கதிதான்.

சீலிங்கில் ஜிப்சம் பூச்சு கொடுத்திருந்தால் கணக்கு வேறு. அதற்குக் கியூரிங் கிடையாது, காரமும் இல்லை, சீக்கிரம் காயும். நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்த பிறகு, தூசு துடைத்து, பிரைமர் முதலில். சிமெண்ட் பட்டி அதன் மேல் வேண்டாம். மொட்டை மாடி ஒழுகினால் ஜிப்சம் ஊறி விழுந்துவிடும் என்பதால் மாடித் தளத்தின் வாட்டர்புரூஃபிங்கை முடித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

வெளிச்சுவரை உள்சுவருக்கு முன்னால் முடியுங்கள். மழை நின்று, தை பிறந்த பிறகு, விரிசல்களை அடைத்து, வெளிச்சுவருக்கான பிரைமரும் எமல்ஷனும் அடித்தால், உள்ளே காய்ந்த சுவர் அடுத்த ஐப்பசியில் மறுபடி நனையாது. உள்சுவருக்கு வாங்கிய பட்டி மிச்சமிருக்கிறது என்று வெளியே முழுச் சுவருக்கும் இழுத்துவிடாதீர்கள்.

பெயிண்டரிடம் பேசும்போது, காத்திருப்பதால் அவருக்கு வேலை நாள் போகிறது என்பதையும் நினைத்துப் பேசுங்கள். அவர் அவசரப்படுவதற்குக் கெட்ட எண்ணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தைத் தள்ளுவது அவர்களுக்குக் கஷ்டம். ஒரு சின்ன அட்வான்ஸ் கொடுத்து, பட்டி-பிரைமருக்கு ஒரு ரேட், கடைசி இரண்டு கோட்டுக்கு ஒரு ரேட் என்று பிரித்து எழுதிக்கொண்டால் அவர் ஜனவரியில் வருவார், மார்ச்சிலும் வருவார். சதுர அடிக்கு மொத்தமாகப் பேசினால் முடிக்கத்தான் எல்லோருக்கும் மனம் போகும். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பெயிண்ட் முடிந்து முதல் ஒரு மாதம் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள். முதல் கோடையில் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு போல விரிசல் வரலாம், புது வீட்டில் அது இயல்பு. அந்த ஒட்டு வேலைக்காக ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதி வைத்துவிடுங்கள்.